பச்சை குத்தும் ஊசியும் ஈரலைத் தாக்கும் வைரசும்

பெருநாளைக்கு முந்திய இரவு எங்கள் வீடுகளில் மருதோன்றி மணக்கும். உள்ளங்கையில் பூவும் கொடியுமாக வரைந்துகொண்டு, அது காயும்வரை ஒன்றையும் தொடாமல் உட்கார்ந்திருப்போம். அந்தச் சிவப்பு இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல மங்கி மறைந்துவிடும். மருதோன்றியின் சாயம் தோலின் மேற்பரப்பிலுள்ள கலங்களில் மட்டுமே பிடிக்கிறது. அக்கலங்கள் நாளாந்தம் உதிர, கீழிருந்து புதிய கலங்கள் மேலெழுகின்றன. உதிரும் கலங்களோடு சாயமும் போய்விடுகிறது.

பச்சை குத்திய கோலமோ ஆயுள்வரை நிற்கிறது. அது நிற்பதற்கான காரணத்தை விளங்கிக்கொண்டால், அதனால் வரக்கூடிய ஒரு பெரிய நோயையும் விளங்கிக்கொள்ளலாம். ஹெப்படைட்டிஸ் சீ என்னும் ஈரல் அழற்சிதான் அந்நோய்.

நமது மார்க்கம் பச்சை குத்துவதைத் தடுத்திருக்கிறது என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகியருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் "இது நமக்கு வேண்டாத விடயம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழிகளே. இரண்டு காரணங்களுக்காக இதை வாசிக்க வேண்டும். இந்நோய் பயணம் செய்யும் பாதை காது குத்தும் ஊசியிலும் சவரக் கத்தியிலும் இருக்கிறது என்பது முதலாவது. பச்சை குத்துவது வெட்கத்துக்குரிய விடயமாக உள்ள வீட்டில், குத்திக்கொண்ட பிள்ளை அதை மறைக்கும் என்பது இரண்டாவது. மறைப்பதில்தான் இந்நோய்க்கு வாழ்வு.

தோலுக்குள் நடப்பது என்ன?

நமது தோலில் மேற்றோல், உட்தோல் என இரு முக்கிய படைகள் உண்டு. மேற்றோலில் குருதிக் குழாய்கள் இல்லை. அதன் கீழுள்ள உட்தோலில்தான் நுண்ணிய குருதிக் குழாய்களும் நரம்பு முனைகளும் மயிர் வேர்களும் உள்ளன. பச்சை குத்தும் இயந்திரத்தின் ஊசி மேற்றோலைத் துளைத்து, ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்திலுள்ள உட்தோலில் மையை இறக்குகிறது. ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான தடவைகள் அந்த ஊசி ஏறி இறங்கும்.

மை உள்ளே போனதும் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதுகிறது. உட்தோலிலுள்ள விழுங்கு கலங்கள் விரைந்து வந்து மைத் துணிக்கைகளை விழுங்குகின்றன. ஆனால் அவற்றால் மையைச் செரிக்க முடிவதில்லை. அக்கலம் இறந்தால் வெளிவரும் மையைப் பக்கத்திலுள்ள இன்னொரு கலம் விழுங்கிக்கொள்கிறது. இப்படிக் கைமாறிக் கைமாறி மை அதே இடத்தில் தங்குகிறது. இதை பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் எலிகளில் செய்த ஆய்வொன்றின் மூலம் எடுத்துக்காட்டினார்கள்.

நமது விடயத்துக்கு முக்கியமானது ஒன்றுதான். உட்தோலைத் தொடாமல் பச்சை குத்த முடியாது. உட்தோலைத் தொட்டால் குருதி கசியும். ஆகவே பச்சை குத்திய ஒவ்வோர் ஊசியும் ஒரு மனிதரின் குருதியைத் தொட்ட ஊசியாகும்.

நெடுநாள் பெயரில்லாதிருந்த நோய்

ஈரல் அழற்சியை உண்டாக்கும் வைரசுகள் ஏ, பீ, சீ, டீ, ஈ என ஐந்து வகைப்படும். ஏயும் ஈயும் பெரும்பாலும் அசுத்தமான நீர், உணவு மூலம் பரவுபவை. ஊரில் ஒரு வீட்டில் செங்கண்மாரி வந்தால் நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்வது இதனால்தான். பீ, சீ, டீ ஆகியவை குருதியோடு சம்பந்தப்பட்டவை.

1970களில் ஏ, பீ ஆகிய இரண்டையும் கண்டறியும் சோதனைகள் வந்துவிட்டன. அப்போதும், குருதி ஏற்றப்பட்ட நோயாளிகள் பலருக்கு ஈரல் அழற்சி வந்துகொண்டே இருந்தது. அமெரிக்க வைத்தியர் ஹார்வி ஆல்டர் இந்நோயாளிகளை ஆராய்ந்து, இது ஏயும் அல்ல, பீயும் அல்ல என்று நிறுவினார். பல வருடங்கள் இந்நோயின் பெயரே "ஏயுமல்ல பீயுமல்ல ஈரல் அழற்சி" என்பதாகத்தான் இருந்தது. 1989இல் மைக்கல் ஹௌட்டனும் அவரது சகாக்களும் அந்த வைரசை இனங்கண்டனர். அதற்கு ஹெப்படைட்டிஸ் சீ என்று பெயரிடப்பட்டது. இந்த வைரசு தனித்தே நோயை உண்டாக்க வல்லது என்பதைப் பின்னர் சார்ள்ஸ் ரைஸ் நிரூபித்தார். இம்மூவருக்கும் 2020ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வைரசு கண்டுபிடிக்கப்பட்டதன் பெரிய பயன் குருதி வங்கிகளுக்குக் கிடைத்தது. இன்று நமது நாட்டின் தேசிய குருதி மாற்றுச் சேவையும் தானமாகப் பெறப்படும் குருதியை ஹெப்படைட்டிஸ் சீக்காகச் சோதித்த பின்னரே நோயாளிக்குக் கொடுக்கிறது. குருதி வங்கியின் கதவு மூடப்பட்டுவிட்டது. ஆனால் சிறிய ஊசிகளின் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது.

ஊசியை மாற்றினால் போதுமா?

"புது ஊசி போட்டுத்தான் குத்தினார்கள்" என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. இந்தப் பதிலில் பாதி உண்மைதான் இருக்கிறது. பச்சை குத்துபவர் ஊசியை ஒரு சிறு கிண்ணத்திலுள்ள மையில் தோய்த்துக் குத்துகிறார். மீண்டும் தோய்க்கிறார், மீண்டும் குத்துகிறார். முதலாவது ஆளின் குருதி ஊசி நுனியில் ஒட்டி மைக் கிண்ணத்துக்குள் போகிறது. அடுத்த ஆளுக்கு ஊசியை மட்டும் மாற்றிவிட்டு மிஞ்சிய மையையே பயன்படுத்தினால், புதிய ஊசி பழைய குருதியை எடுத்துக்கொடுக்கும். ஊசியைப் பிடிக்கும் குழல், துடைக்கும் துணி, கையுறை, இடையிடையே தொடும் மருந்துப் போத்தல் ஆகியனவும் அப்படித்தான்.

கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குருதி இருக்க வேண்டுமென்பதும் இல்லை. உலர்ந்தால் வைரசு செத்துவிடும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. ஆய்வுகூடச் சோதனைகளில் இந்த வைரசு சாதாரண அறை வெப்பநிலையில், உலர்ந்த பரப்பின் மீது ஆறு வாரங்கள் வரையும், ஊசிக்குழலின் உள்ளே 63 நாட்கள் வரையும் தொற்றும் ஆற்றலுடன் இருந்திருக்கிறது. ஊசியை மெழுகுதிரியில் காட்டுவதாலோ வெந்நீரில் அலசுவதாலோ நம்பிக்கை வைக்க முடியாது. வைத்தியசாலைகளில் செய்வதுபோல உயர் அழுத்த நீராவியில், 121 பாகை செல்சியசில், உரிய நேரம் வைத்தெடுப்பதுதான் முறையான கிருமிநீக்கம். ஊசியும் மையும் ஒருவருக்குப் பின் எறியப்பட வேண்டியவை.

ஆய்வுகள் சொல்வது

நியூயோர்க் நகரம் 1961இல் பச்சை குத்தும் கடைகளையே தடைசெய்தது. அக்கடைகளுடன் தொடர்புபட்டு ஈரல் அழற்சி நோய் காணப்பட்டதே அதற்குக் காட்டப்பட்ட காரணம். அத்தடை 1997இல்தான் நீக்கப்பட்டது.

அப்படியானால் பச்சை குத்திய எல்லோருக்கும் இந்நோய் வந்துவிடுமா? இல்லை. உண்மையை உள்ளபடியே சொல்ல வேண்டும். 2012இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள், அதுவரை வெளிவந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கிருமிநீக்க விதிகளைப் பின்பற்றும், அனுமதி பெற்ற கடைகளில் குத்திக்கொண்டவர்களுக்கு ஹெப்படைட்டிஸ் சீ ஆபத்து கூடுகிறது என்பதற்குத் திட்டவட்டமான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சிறைச்சாலைக்குள்ளும், வீடுகளில் நண்பர்கள் மூலமும் குத்திக்கொண்டவர்களுக்கு ஆபத்து தெளிவாகவே கூடியிருந்தது. 2013இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு ஏறத்தாழ 3,800 பேரைப் பரிசீலித்தது. போதைப்பொருள் ஊசி ஏற்றியவர்களையும் பழைய காலத்தில் குருதி ஏற்றப்பட்டவர்களையும் விலக்கிப் பார்த்தபோதும், நோயுற்றவர்களிடையே பச்சை குத்தியிருந்தவர்கள் அதிகமாகவே இருந்தனர். ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்றே மற்றதற்குக் காரணம் என்றாகிவிடாது. ஆயினும் பச்சை குத்தியவர் ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம்.

சிறைச்சாலைகளில் ஏன் ஆபத்து அதிகம்? அங்கே முறையான கருவி இல்லை. கிற்றார் நரம்பு, பேனைக் குழல், பழைய ஒலிநாடாப் பெட்டியின் சிறு மோட்டார் ஆகியவற்றைச் சேர்த்துக் கைதிகளே இயந்திரம் செய்கிறார்கள். ஒரே ஊசி பலரைச் சுற்றிவருகிறது. கனடாவில் 2005இல் ஆறு கூட்டாட்சிச் சிறைகளில், சுத்தமான முறையில் பச்சை குத்தும் அறைகளைச் சிறைத் திணைக்களமே பரீட்சார்த்தமாகத் திறந்தது. அடுத்த ஆண்டே அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது. அது சரியா பிழையா என்ற விவாதம் ஒருபுறமிருக்க, மறைவில் நடக்கும்போதுதான் ஊசி அசுத்தமாகிறது என்பது அதிலிருந்து விளங்கும்.

இதை நமது சூழலுக்குப் பொருத்திப் பாருங்கள். வீட்டுக்குத் தெரியாமல் குத்திக்கொள்ள நினைக்கும் ஓர் இளைஞன் வெளிச்சமும் விதிகளும் உள்ள இடத்தைத் தேடுவானா? நண்பனின் அறையைத்தான் தேடுவான்.

ஓசையின்றி வரும் சேதம்

வைரசு உடலுக்குள் சென்ற பின் இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரையான காலத்தில் நோய் வெளிப்படலாம். ஆனால் பெரும்பாலானோருக்கு எதுவும் வெளிப்படுவதில்லை. சிலருக்குக் களைப்பு, பசியின்மை, குமட்டல், கண் மஞ்சளாதல் தோன்றும். நூறு பேரில் 15 முதல் 45 பேர்வரை மருந்தின்றியே ஆறு மாதத்துக்குள் வைரசிலிருந்து விடுபடுகிறார்கள். மற்றவர்களில் அது நாட்பட்ட நோயாகத் தங்குகிறது. அப்படித் தங்கியவர்களுள் 15 முதல் 30 சதவீதமானோருக்கு இருபது ஆண்டுகளுக்குள் சிரோசிஸ் எனப்படும் ஈரல் இறுக்கம் ஏற்படும் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. மென்மையான ஈரல் தழும்பேறிக் கடினமாகிவிடும் நிலை இது. சிலருக்கு ஈரல் புற்றுநோயாகவும் மாறும்.

பதினெட்டு வயதில் ஒரு மாலைப்பொழுதில் குத்திக்கொண்டது, நாற்பது வயதில் பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருக்கும்போது வந்து கேட்கும். அந்த வேளையில் அந்த ஊசி அவனுக்கு நினைவிருக்காது.

உலகில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் சீயுடன் வாழ்கிறார்கள். இதற்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. நமது நாட்டில் குழந்தைகளுக்கு ஏற்றப்படும் தடுப்பூசி ஹெப்படைட்டிஸ் பீயைத் தடுப்பது. அது சீயைத் தடுக்காது.

எகிப்து கற்றுத்தந்த பாடம்

ஊசி எவ்வளவு பெரிய அழிவைச் செய்யக்கூடும், அந்த அழிவிலிருந்து ஒரு சமூகம் எப்படி மீளக்கூடும் என்ற இரண்டையும் எகிப்தில் காணலாம்.

நைல் நதி நீரில் இறங்கி வேலைசெய்யும் விவசாயிகளை பில்ஹார்சியா என்னும் புழு நோய் நெடுங்காலம் வாட்டியது. 1950களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை அரசாங்கம் ஊர் ஊராகச் சென்று அதற்கு ஊசி மருந்து ஏற்றியது. ஒருவருக்குப் பல தடவைகள் ஊசி போட வேண்டியிருந்தது. அக்காலத்தில் இருந்தவை கண்ணாடி ஊசிக்குழல்கள். அவற்றை ஒருவருக்குப் பின் ஒருவராகப் பயன்படுத்தினார்கள். சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத அந்த ஊசிகள், ஒரு நோயைத் தீர்க்கப்போய் இன்னொரு நோயை நாடு முழுவதும் பரப்பின. ஹெப்படைட்டிஸ் சீ என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 2008இல் நடந்த கணிப்பில் 15 முதல் 59 வயதுவரையானோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரின் குருதியில் இத்தொற்றின் அடையாளம் காணப்பட்டது. நல்ல எண்ணத்தோடு போடப்பட்ட ஊசியே இப்படிச் செய்யுமானால், அறையொன்றில் விளையாட்டாகப் போடும் ஊசியைப் பற்றி என்ன சொல்வது!

ஆனால் எகிப்து ஒளித்துவைக்கவில்லை. 2013இன் இறுதியில், வைரசை நேரடியாகத் தாக்கும் சோபோஸ்புவிர் என்ற வில்லை அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அங்கே பன்னிரண்டு வாரச் சிகிச்சையின் விலை 84,000 டொலர். எகிப்து பேரம்பேசி அதை 900 டொலருக்குப் பெற்றது. பின்னர் உள்நாட்டிலேயே இன்னும் மலிவாகத் தயாரித்தது. 2018 ஒக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரையான ஏழு மாதங்களில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரின் குருதி சோதிக்கப்பட்டது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் தொற்றின் அடையாளம் தெரிந்தது. வைரசு இருந்தவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை வழங்கப்பட்டது. 2023 ஒக்டோபரில், இந்நோயை ஒழிக்கும் பாதையில் "தங்க நிலை"யை எட்டிய முதல் நாடாக உலக சுகாதார ஸ்தாபனம் எகிப்தை அங்கீகரித்தது.

யாருக்கு எப்படி வந்தது என்று அங்கே விசாரணை நடத்தப்படவில்லை. கையை நீட்டச் சொன்னார்கள், சோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான்.

நாம் செய்ய வேண்டியவை

காது, மூக்கு குத்தும்போது அந்த ஊசி உறையிலிருந்து நம் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். ஒருவர் குத்திய ஊசியைத் தோழியர் மாற்றி மாற்றிக் குத்திக்கொள்ளக் கூடாது. சலூனில் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேட் போடச் சொல்வது வாப்பாவின் உரிமை. கத்னா செய்விக்கும்போதும் குழந்தையின் தலைமுடி இறக்கும்போதும் அப்படியே. ஹஜ்ஜுக்குச் செல்வோர் தலைமுடி மழிப்பதற்கு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளேட்டுடன் வேலைசெய்யும், அனுமதி பெற்ற நாவிதரையே நாட வேண்டும். வீட்டிலும் சவரக் கத்தி, பல் தூரிகை, நகவெட்டி ஆகியவை ஒருவருக்கு ஒன்று இருக்கட்டும்.

அதேபோல வீண் பயமும் வேண்டாம். நோயுள்ளவரோடு ஒரே சஹனில் உண்பதாலோ, கைகொடுப்பதாலோ, கட்டியணைப்பதாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ ஹெப்படைட்டிஸ் சீ தொற்றாது. அவரை ஒதுக்கிவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பச்சை குத்திக்கொண்ட ஒருவர் வைத்தியரிடம் அதைச் சொல்லி இரு சோதனைகளைக் கேட்கலாம். முதலாவது, குருதியில் இந்த வைரசுக்கெதிரான பிறபொருளெதிரி உள்ளதா என்பது. அது உருவாக இரண்டு மூன்று மாதங்கள் செல்லலாம் என்பதால், குத்திய மறுவாரமே சோதித்துவிட்டு நிம்மதி அடைய முடியாது. அது இருப்பதாகத் தெரிந்தால், வைரசு இப்போதும் உடலில் இருக்கிறதா என்பதை இரண்டாவது சோதனை காட்டும். தானாகக் குணமடைந்தவரிடமும் சிகிச்சையால் குணமடைந்தவரிடமும் பிறபொருளெதிரி தங்கியிருக்கும். ஆகவே முதற்சோதனையின் முடிவை மட்டும் பார்த்து மனமுடையக் கூடாது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவோரின் மருத்துவப் பரிசோதனையில் இச்சோதனையும் அடங்கும். எதிர்பாராத நேரத்தில், எல்லா ஆயத்தங்களும் முடிந்த பின் அங்கே தெரியவருவதைவிட முன்னரே தெரிந்திருப்பது நல்லதல்லவா?

வைரசு இருப்பது உறுதியானாலும் வழி இருக்கிறது. இன்றைய வில்லைகள் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில், நூற்றுக்கு 95க்கும் மேற்பட்டோரை முற்றாகக் குணப்படுத்துகின்றன. ஈரல் இறுகுமுன் வந்தால் வாழ்வு முழுவதும் மீளக் கிடைக்கும்.

உம்மாமாரே, வாப்பாமாரே! உங்கள் மகனின் கையிலோ மகளின் தோளிலோ ஒருநாள் ஒரு பச்சைக் கோலத்தைக் கண்டால் உங்களுக்குக் கோபம் வரும். வராமலிருக்காது. அந்தப் பிழையைப் பற்றிப் பேச நாட்கள் இருக்கின்றன. முதல் நாளில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: "எந்த ஊசியால் குத்தினாய்? யாரெல்லாம் அதே ஊசியால் குத்திக்கொண்டீர்கள்?" பிள்ளை பயமின்றி விடை சொல்லக்கூடிய குரலில் அதைக் கேளுங்கள். பிறகு அந்தப் பிள்ளையை நீங்களே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தோழிகளே, உங்களிடம் ஒரு சகோதரனோ சிநேகிதியோ இரகசியமாகச் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினால், அந்த இரகசியத்தைக் காப்பது மட்டும் நட்பு ஆகாது. "சோதித்துப் பார்த்தாயா?" என்று கேளுங்கள். இல்லையென்றால், கூடப் போங்கள்.